கோமர் பாரியின் முதுகு

வேல்ஸ் நாட்டு அணிக்காக மூன்று முறை ரக்பி ஆடிய கோமர் பாரி, எங்கள் பென்கார்த் சுரங்கத்தில் நிலக்கரி வெட்டியவர். முன்வரிசையில் தோள் கோத்து எதிரணியை நெட்டித் தள்ளுவது ஆட்டத்தில் அவர் வேலை. உள்ளூர் ரக்பி சங்கத்துக்கு அப்போது நான் செயலாளர்.

எங்கள் சுரங்கத்து ஆண்கள் முதுகைக் கழுவுவதில்லை. கழுவினால் முதுகெலும்பு இளகிவிடும். கணப்பின் முன் தகரத் தொட்டியில் கோமர் உட்காருவார். மனைவி லெய்சா தலை, மார்பு, கை எல்லாம் தேய்த்துவிடுவாள். முதுகை மட்டும் உலர்ந்த துணியால் ஒற்றுவாள்.

முதல் இரண்டு ஆட்டங்களும் கார்டிஃபில். காலையில் ரயிலேறிப் போய், ஜெயித்துவிட்டு இரவே திரும்பினார். மூன்றாவது ஸ்காட்லாந்துடன், எடின்பரோவில். முந்தின நாளே போய் விடுதியில் தங்கினோம். காலையில் விடுதிக்காரி கரி படிந்த படுக்கை விரிப்பை அணித்தலைவர் முன் கொண்டுவந்து போட்டாள். அவர் படித்த டாக்டர்.

"பாரி, போய் முதுகைத் தேய்ச்சுட்டு வா."

"வேற எதை வேணும்னாலும் தேய்க்கிறேன் டாக்டர். முதுகு வேணாம். தள்ளுறதுக்கு எங்கிட்ட வேற என்ன இருக்கு?"

"அழுக்குல பலம் இருக்குன்னு நான் படிச்ச புத்தகத்துல இல்ல. கழுவலேன்னா உன் எடத்துல வேற ஆள் எறங்குவான்."

கோமர் கழுவினார். திரும்பி வந்து என்னிடம் மெதுவாக, "லெய்சாகிட்ட சொல்லிடாதீங்க," என்றார்.

அன்று தோற்றோம். வீட்டில் அவர் சட்டையைக் கழற்றியதுமே லெய்சா கேட்டாளாம்: "யாரு உன் முதுகைத் தொட்டது? நீ போனது ஆடவா, குளிக்கவா?" சுரங்கத்தில் ஒரு மாதம் இதுதான் பேச்சு. "நம்ம கோமர் சோப்புப் போட்டு வேல்ஸையே கழுவிட்டாம்பா." அதன்பின் அவரைத் தேர்வுக்குழு அழைக்கவில்லை.

பல வருடம் கழித்து, அந்த ஆட்டத்தைப் பற்றிய என் குறிப்பைப் பார்த்து அவரிடம் சொன்னேன்: "அன்னைக்கு நம்ம ஆளுங்க ரெண்டு பேர் அடிபட்டு வெளிய போனாங்க. ஆட்டத்துக்கு நடுவுல மாத்து ஆள் எறக்க அப்ப விதி இல்ல. எட்டுப் பேர் தள்ள வேண்டிய எடத்துல ஆறு பேர்தான் தள்ளுனீங்க, கோமர்."

"அது உங்க குறிப்பு, செயலாளரே. இது என் முதுகு."

போன குளிர்காலத்தில் அவர் இறந்தார். சவப்பெட்டியின் மேல் வைக்க, நாட்டுக்கு ஆடியதற்காக அவருக்குக் கொடுத்து, சங்கத்தில் மாட்டியிருந்த சிவப்பு வெல்வெட் தொப்பியை எடுத்துக்கொண்டு போனேன். உள்ளே பெண்கள் உடலைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி ஈரத்துணியோடு அவரைப் புரட்டப் போனாள்.

"முன்பக்கம் போதும்டி," என்றாள் லெய்சா. "போற எடத்துல தள்ளச் சொன்னா என்ன பண்ணுவாரு?"

தொப்பியை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.