அம்மணியின் தமிழ் வாய்

1. கெட்டுப்போன டேக்

வாயைத் திறந்து சம்பாதித்துச் சாப்பிடுபவள் நான். டப்பிங் கலைஞர். அந்த வாயே பிச்சாவரத்தில் ஒரு நாள் காலையில், ஊர் பேர் தெரியாத கூட்டத்துக்கு முன்னால் என் மானத்தை வாங்கியது.

படகில் அம்மணி உட்கார்ந்திருந்தார். அமெரிக்காவில் நாடகத்திலும் சினிமாவிலும் ஆயுசு முழுக்க நடித்தவர். எண்பதைத் தாண்டியவர். பெயரை எழுதினால் கம்பெனிக்காரர்கள் வரிந்துகட்டிக்கொண்டு வருவார்கள், அதனால் அம்மணி என்றே எழுதுகிறேன். கதைப்படி அவர் மீனவக் குப்பத்தில் பல காலம் வைத்தியம் பார்த்த டாக்டர். ஊரைவிட்டுக் கிளம்பும்போது, கரையில் நிற்கும் ஜனங்களிடம் தமிழில் நாலு வாக்கியம் பேச வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் கடலூரிலிருந்து என்னைக் கூட்டிவந்திருந்தார்கள்.

டைரக்டர் “ஆக்‌ஷன்” என்றார். அம்மணி “அழாதீங்க” என்று ஆரம்பித்தார். காமிராவுக்குப் பின்னால் நின்ற நானும் அதே நொடியில், அதே தொனியில், கணீரென்று “அழாதீங்க” என்றேன்.

அங்கே பேசுவதை அங்கேயே பதிவு செய்கிற லைவ் சவுண்ட் படம் அது. சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னை முறைத்தார். அசிஸ்டென்ட் டைரக்டர் பாஸ்கர் ஓடி வந்தார். குமராட்சிக்காரர், எங்களுக்கும் அமெரிக்காக்காரர்களுக்கும் நடுவில் அவர்தான் பாலம்.

“என்னாக்கா இது? அவுங்க பேசும்போது நீங்க எதுக்குப் பேசுறீங்க?”

“நான் எங்க தம்பி பேசுனேன்? வாய் தானா பேசுது.”

அடுத்த டேக்கிலும் அதே கதை. அதற்கடுத்து முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். அப்போதும் உள்ளேயிருந்து ஒரு முனகல் போய் மைக்கில் விழுந்தது. டைரக்டர் ரொம்ப மரியாதையான மனுஷன். திட்டவில்லை. தூரத்தில் தெரிந்த டீக்கடையைக் கையால் காட்டினார். நான் போய் உட்கார்ந்தேன்.

2. பஸ் ஸ்டாண்டிலிருந்து அமெரிக்காவுக்கு

இது பைத்தியம் இல்லை, தொழில் வியாதி. டப்பிங்கில் எங்கள் கண் எப்போதும் திரையில் தெரியும் உதட்டின் மேல் இருக்கும். அது திறந்தால் நாம் திறக்க வேண்டும், மூடினால் மூட வேண்டும். யோசித்துப் பேசினால் லிப் சிங்க் போய்விடும். இருபது வருஷத்துக்கு மேல் அம்மணியின் படங்களுக்குத் தமிழ்க் குரல் கொடுத்து, அந்த ஒரே முகத்தைப் பார்த்துப் பேசியவளுக்கு, அந்த முகம் நேரில் வந்து உதட்டைப் பிரித்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது.

அதற்கு முன்னால் நான் கடலூர் பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்தவள். விருத்தாசலம் வண்டி, சிதம்பரம் வண்டி, நடுநடுவே ஊதுபத்தி விளம்பரம். தொலைக்காட்சிகளில் இங்கிலீஷ் படங்களைத் தமிழில் போட ஆரம்பித்த காலத்தில், யாரோ சொல்லி சென்னைக்கு வாய்ஸ் டெஸ்டுக்குப் போனேன். திரையில் அம்மணி ஒரு கொலைகாரியாக, கத்தியைத் துடைத்துக்கொண்டே பேசினார். நான் பேசி முடித்ததும் டப்பிங் இன்சார்ஜ் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஏம்மா, அவ கொலை பண்ணிட்டு நிக்கிறா. நீ என்னமோ பண்ருட்டி பஸ்ஸு கெளம்புற மாதிரி பேசுற?”

ஆனாலும் குரலின் கனம் பொருந்தியதாம், எடுத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து அம்மணி எனக்கு, நான் அம்மணிக்கு. அவர் கொலைகாரியிலிருந்து மாமியாரானார், மாமியாரிலிருந்து ஜட்ஜ், ஜட்ஜிலிருந்து பேய், பேயிலிருந்து பாட்டி. எல்லாவற்றுக்கும் என் தொண்டைதான் கூடவே போனது. அவருக்கு வயதாக ஆக, வாக்கியத்துக்கு நடுவில் மூச்சு வாங்குவது ஜாஸ்தியானது. ஒரு படத்தில் திடீரென்று பழைய வேகம் திரும்பிவந்தபோது, மனசுக்குள் ‘உடம்பு தேறிவிட்டது போலிருக்கே’ என்று சந்தோஷப்பட்டேன். வீட்டுக்காரர் சிரித்தார். “அவுங்களுக்கு உன்னத் தெரியுமாடி?” என்றார்.

தெரிந்திருந்தது. இந்தப் படத்துக்கு ஒப்புக்கொண்டபோது, தன் பழைய படங்களின் தமிழ்ப் பதிப்பை அவர் வரவழைத்துக் கேட்டிருக்கிறார். “என் தமிழ் வாய் எங்கே இருக்கிறாளோ, அவளைக் கூட்டிவாருங்கள்” என்றாராம். கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டில் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த எனக்கு போன் வந்தது இப்படித்தான்.

3. சிதம்பரம் ஓட்டலில்

சிதம்பரத்தில் யூனிட் தங்கியிருந்த ஓட்டலில்தான் பாடம் நடந்தது. காலையில் பொங்கல் வடை, பிறகு வசனம். முதல் நாள் அவர் வாயைத் திறந்தார், என் வாயும் திறந்தது. இருவரும் நிறுத்தினோம். மறுபடி திறந்தார், மறுபடி திறந்தது. விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்கும் நான் குரல் கொடுத்தவள்தான், ஆனால் நேரில் கேட்டபோது என் சிரிப்பு வெறும் காப்பி என்று தெரிந்தது.

நான் பேசும்போது அவர் என் கண்ணைப் பார்க்க மாட்டார். வாயையே பார்ப்பார். எனக்குக் கொஞ்சம் கூச்சம். பல்லில் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று நாக்கால் துழாவிக்கொள்வேன். பிறகு பாஸ்கர் சொன்னார், அம்மணிக்குக் காது மந்தம், பல வருஷமாக உதட்டைப் பார்த்துத்தான் பாதி விஷயத்தைப் பிடிக்கிறாராம். அட, நம்ம ஜாதி என்று நினைத்துக்கொண்டேன்.

பாஸ்கர் மூலமாகத் தன் கதையையும் சொன்னார். அப்பா பால் வண்டி ஓட்டியவர். நாடகக் கொட்டகையில் இவருக்குக் கிடைத்த முதல் வேலை நடிப்பு இல்லை. திரைக்கு ஓரத்தில் நின்று, மறந்துபோனவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலை. ரொம்ப உயரம் என்று கதாநாயகி வேஷமே கொடுக்கவில்லையாம். நடுவில் வேலை இல்லாத காலத்தில் துணிக்கடையில் லிஃப்ட் இயக்கியிருக்கிறார். “ஒவ்வொரு மாடியையும் வேறு வேறு குரலில் சொல்வேன்” என்று செய்து காட்டினார். நான் பண்ருட்டி பஸ்ஸைச் செய்து காட்டினேன். ஓட்டல் பையனைத் தவிர எல்லோரும் கைதட்டினார்கள். அவன் பண்ருட்டிக்காரன்.

இப்படி எல்லாம் வந்தது. வசனம்தான் வரவில்லை. ஓட்டலில் தண்ணீர் பட்ட பாடாகச் சொல்வார், படகில் ஏறினால் இரண்டாவது வாக்கியத்தோடு நின்றுவிடும். நான் டீக்கடைக்குப் போன பிறகு காதில் இயர்பீஸ் வைத்து வசனம் எடுத்துக்கொடுத்தால், அவர் போட்டிருந்த காது மெஷின் கீச்சென்று கத்தியது. போர்டில் எழுதிக் காட்டினால், க்ளோசப்பில் கண் இடமும் வலமும் ஓடுவது தெரிந்தது.

என்னை டீக்கடைக்கு அனுப்பிய அன்று சாயங்காலம் டைரக்டர் முடிவு சொன்னார். நாளைக் காலை கழியில் தண்ணீர் ஏறும்போது கடைசியாக முயற்சி செய்வது. வராவிட்டால் அம்மணி வாயை மட்டும் அசைப்பார், நான் பின்னால் டப்பிங் பேசிவிடுவேன். மறுநாள் யூனிட் கிளம்புகிறது.

பாஸ்கர் என் பக்கம் சாய்ந்தார். “அக்கா, யோகம்தான். ஒரிஜினல் படத்துலயே ஒங்க வாய்ஸு. ஒலகம் பூரா போவும்.”

எனக்கு ஆசை வந்தது. வரவில்லை என்றால் பொய். ஆனால் அம்மணி என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் சொன்னதை பாஸ்கர் மெதுவாகத்தான் தமிழில் சொன்னார்.

“அநேகமா இதான் கடைசிப் படமாம். இத்தன வருஷம் தமிழ்ல நீங்களே பேசிட்டீங்களாம். ஒரே ஒரு தடவ தன் வாயாலயே பேசணும்னு ஆசையாம்.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்கப்புறம் அந்த ஆசை என்னிடம் நிற்கவில்லை.

4. காற்று இல்லாத வாய்

காலையில் நான் பாஸ்கரிடம் சொன்னேன். “என்னய அவுங்க கண்ணுக்கு நேரா நிறுத்து. அவுங்க என் வாயப் பாத்துப் பேசட்டும்.”

“நேத்து மாதிரி சத்தம் உட்டீங்கன்னா என் வேல போயிடும்க்கா.”

“சத்தம் வராது. நான் பாத்துக்கறேன்.”

பார்த்துக்கொள்வதற்கு ஒரு வழி இருந்தது. குரல் என்பது காற்று. காற்று இல்லாவிட்டால் வாய் என்ன ஆடினாலும் சத்தம் வராது. மைக்குக்கு முன்னால் மூச்சை இழுத்துப் பிடிப்பதுதான் எங்கள் பிழைப்பு. அன்று அதைத் தலைகீழாகச் செய்ய வேண்டியிருந்தது.

காமிராவுக்கு இடப்பக்கம் முழங்கால் அளவு சேற்றில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றேன். ஒரு செருப்பு அப்போதே சேற்றோடு போய்விட்டது. டைரக்டர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். மரியாதையா, வேண்டுதலா தெரியவில்லை.

“ஆக்‌ஷன்” என்பதற்கு முன், நெஞ்சில் இருந்த மூச்சு அத்தனையையும் வெளியே விட்டேன். வயிறு முதுகோடு ஒட்டியது. அம்மணியின் கண் என் உதட்டில் வந்து நின்றது. அவர் பேசுவதற்கு ஒரு இமைப்பொழுது முன்னால் நான் உதட்டை அசைத்தேன்.

“அழாதீங்க” என்றார். “நான் போறேன்னு சொல்லல.”

இங்கேதான் எப்போதும் நிற்கும். நின்றது. எனக்கு மார்பு எரிந்தது. உதட்டை அடுத்த வார்த்தைக்குக் குவித்து அப்படியே வைத்திருந்தேன். அவர் அதைப் பார்த்தார். அவசரப்படவில்லை. ஒரு மூச்சு வாங்கினார். எத்தனையோ படத்தில் நான் கூடவே வாங்கிய அதே மூச்சு.

“போயிட்டு வரேன்னுதான் சொல்றேன். கதவ சாத்தாதீங்க.”

“கட்” என்ற சத்தம் கேட்டதும் நான் வாய் பிளந்து காற்றை இழுத்து, அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். கரையில் கூட்டமாக நின்ற பிச்சாவரத்துப் பெண்களில் ஒருத்தி அழுதுகொண்டிருந்தாள். நடிக்கச் சொன்னது முடிந்த பிறகும் அழுதாள். சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் கட்டை விரலை உயர்த்தினார். அவருடைய ஹெட்போனில் ஒரே ஒரு குரல்தான் இருந்தது.

அம்மணி படகிலிருந்தே ஏதோ கத்தினார். பாஸ்கர் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார். “மொத வேலைல அவுங்க மத்தவங்களுக்கு எடுத்துக் குடுத்தாங்களாம். அந்தக் கடன இன்னிக்குத்தான் யாரோ திருப்பிக் குடுத்திருக்காங்களாம்.”

கிளம்பும்போது காரிலிருந்து தலையை நீட்டி, யாரும் எடுத்துக்கொடுக்காமல், “போயிட்டு வரேன்” என்றார். என் வாய் திறக்கத்தான் செய்தது. “வாங்கம்மா” என்றேன், என் சொந்தக் குரலில்.

5. எனக்கு வேலை இல்லாத சீன்

போன மாதம் அந்தப் படத்தின் தமிழ் டப்பிங் நடந்தது. மற்ற சீன்களில் அவர் பேசும் இங்கிலீஷுக்கெல்லாம் வழக்கம்போல நான்தான். டப்பிங்குக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்பது ஒன்றுதான், லிப் எப்படி விழவைப்பது, அதாவது திரையில் அசையும் உதட்டோடு பேச்சை எப்படி ஒட்டவைப்பது என்று. உதட்டைப் பிடிக்காதீர்கள், மூச்சைப் பிடியுங்கள் என்பேன். திரையில் இருப்பவர் எங்கே மூச்சு வாங்குகிறாரோ அங்கே நீங்களும் வாங்குங்கள், உதடு தானாக வரும். எனக்கு இது பிச்சாவரத்துச் சேற்றில்தான் முழுசாகப் புரிந்தது.

படகு சீன் வந்ததும் சவுண்ட் இன்ஜினியர் மைக்கை அணைத்தார்.

“மேடம், இதுல ஒங்களுக்கு வேல இல்ல. ஒரிஜினல் வாய்ஸே இருக்கு. வெளிய போய் டீ சாப்ட்டு வாங்க.”

நான் போகவில்லை. ஹெட்போனைக் கழற்றாமல் நின்றேன். திரையில் அம்மணி காமிராவுக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தபடி பேச ஆரம்பித்தார். தியேட்டரில் பார்க்கிறவர்கள், கரையில் நிற்கும் ஜனங்களைத்தான் பார்க்கிறார் என்று நினைப்பார்கள். அவர் பார்த்துக்கொண்டிருப்பது என்னை.