பதினோரு கறுப்புப் பிடிகள்

சமையலறை அலமாரி செய்யும் அந்த மேஸ்திரிக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கேட்டால் யாருக்கும் ஆளைத் தெரியாது. ஒருநூல் என்றால்தான் தெரியும். தச்சுக் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு ஒரு நூல். தன் வேலையில் ஒரு நூல் தப்பினால் மீசையை எடுத்துவிடுவதாக முப்பது வருஷமாகச் சொல்லித் திரிந்ததில் ஒட்டிக்கொண்ட பட்டம் அது. மீசை நரைத்த பிறகும் சவால் நரைக்கவில்லை. தான் போட்ட துளை ஒன்றைக்கூடப் பட்டிப் பசை வைத்து அடைத்ததில்லை என்பது அவருடைய பெரும் பெருமை. வேறு யாராவது அடைத்த துளையைக் கண்டால் அவனுடைய பரம்பரையையே வம்புக்கு இழுப்பார்.

அவருக்கு யாரையுமே பிடிக்காது என்று சொல்வது தப்பு. தன்னைப் பிடிக்கும். மற்றவர்களெல்லாம் அவர் கணக்கில் அரைவேக்காடுகள். கைபேசியில் படத்தைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்பவர்களைக் கண்டாலே எரிச்சல். எதிர்த்துப் பேசினால் ஒரே கேள்விதான்: "கண்ணைப் பிடரியிலயா வெச்சிருக்கீங்க?" சமீபத்தில் எல்லாரும் கறுப்புக் கைப்பிடி கேட்க ஆரம்பித்ததும் அவர் வாய்க்குத் தீனி கிடைத்துவிட்டது. அடுப்புக்கரியிடமிருந்து தப்பிக்கத்தான் மனுஷன் கேஸ் அடுப்புக்கு வந்தான், இப்போது கடையில் போய்க் கரியை வாங்கிப் பூசிக்கொள்கிறான் என்று போகிற வீடெல்லாம் சொன்னார். கேட்டவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவரை இன்னும் கெடுத்தது.

அவருக்கு ஓர் அக்கா. கணவர் போனபின் தனியாக இருந்தாள். இரண்டு பேர் நின்றால் முழங்கை இடிக்கும் சமையலறை அவளுடையது. ஒரு வருஷத்துக்குள் அங்கே பால் மூன்று தடவை பொங்கி அடுப்பு அணைந்தது, ஒரு கைத்துணி கருகியது. வெளியூரில் ஆபீஸ் அதிகாரியாக இருக்கும் மகன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். சமையலறையை ஒழுங்கு பண்ணுங்கள், நானே வந்து பார்ப்பேன், உங்களால் சமாளிக்க முடிந்தால் இங்கேயே இருங்கள், இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு என்னோடு வாருங்கள். அவன் வீட்டுப் பின்னறையில் துணி துவைக்கும் மெஷினும், யாரும் ஏறாத உடற்பயிற்சி சைக்கிளும் இருந்தன. "அந்த ரூம்ல நான் மூணாவது சாமானா நிக்கணுமா?" என்று அக்கா தம்பியிடம் கேட்டாள். சமையலறை வேலையை அவரே ஏற்றுக்கொண்டார். வெள்ளைக் கதவு, வெள்ளை டிராயர், மொத்தம் பதினொன்று.

கைப்பிடி வாங்கக் கடைக்குப் போனபோது அக்கா விசித்திரமாக நடந்துகொண்டாள். கடைக்காரர் ஒவ்வொரு பிடியாக வெள்ளைப் பலகைமேல் வைத்துக் காட்ட, அவள் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள். ஸ்டீல், மரம், வெள்ளை எதுவும் வேண்டாம் என்றாள். நீளமான கறுப்புப் பிடியை வைத்ததும் முகம் தெளிந்தது. தம்பிக்குத் தாளவில்லை. சின்னச் சமையலறையில் பதினோரு கறுப்பு, பாலில் ஈ விழுந்த மாதிரி இருக்கும் என்று கடைக்காரரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு சிரித்தார். அவள், "கறுப்பே இருக்கட்டும்டா," என்றாள். அறுபது வயதைத் தாண்டிய அக்காவுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அவர் முடிவு கட்டினார்.

வாங்கிய கறுப்புப் பிடிகள் அவர் பையிலேயே தூங்கின. அக்கா பக்கத்து வீட்டில் இருந்த நேரத்தில் வெள்ளைக் குமிழ்களைப் பொருத்திவிட்டார். கதவுக்கு ஒன்று, நட்டநடுவில் ஒரே துளை, ஒரு நூல் பிசகவில்லை. அக்கா திரும்பி வந்து வாசலிலேயே நின்றாள். "கறுப்பு எங்கடா?" என்று கேட்டாள். வெள்ளையில் வெள்ளை இருந்தால் அறை இரண்டு மடங்காகத் தெரியும் என்று அவர் பிரசங்கம் செய்தார். அவள் கதவின்மேல் உள்ளங்கையை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போனாள், குமிழ் தட்டுப்படும்வரை. தான் இழைத்த வழவழப்பைத்தான் ரசிக்கிறாள் என்று அந்த மகா புத்திசாலி நினைத்தார். மறுத்துப் பேசினால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அவர் காதில் விழுந்தது சாயங்காலத்துக்குள் போனில் மகனுக்குப் போய்விடும். அக்கா வாயை மூடிக்கொண்டு, சுவரிலிருந்து எண்ணிப் பழக ஆரம்பித்தாள். மூன்றாவது டிராயர் கரண்டி, ஐந்தாவது கதவு சர்க்கரை.

சனிக்கிழமை காலையில் மகன் வந்தான். பாராட்டு வாங்க மேஸ்திரியும் வந்திருந்தார். மகன் கைகளைக் கட்டிக்கொண்டு சமையலறை வாசலில் சாய்ந்து, ஒரு டீ போடுங்கள் அம்மா என்றான். பாத்திரம் சரியாக வந்தது, தூளும் வந்தது. சர்க்கரைக்காக எண்ணும்போது அவன் நடுவில் ஏதோ கேட்டான். எண்ணிக்கை போய்விட்டது. அவள் கை வெள்ளைக் கதவின்மேல் ஊர்ந்து, குமிழைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தது. திறந்தாள், தட்டுகள். அடுத்ததைத் திறந்தாள், துணிகள். மகன் கட்டியிருந்த கைகளை அவிழ்த்தான்.

அப்போதுதான் மேஸ்திரிக்கு உறைத்தது. கடையில் இரண்டடி தள்ளி நின்றது, கதவைத் தடவியது, கருகிய துணி எல்லாம் வரிசையாக வந்து நின்றன. தெருவிலிருந்தே கதவின் கோணலைக் கண்டுபிடிக்கிறவர், கூடப்பிறந்தவளின் கண் மங்கியதை ஒரு வருஷமாகப் பார்க்கவில்லை. வெட்கத்தில் அவருக்குக் காது சுட்டது.

மகன், "அம்மா, கண்ணு..." என்று ஆரம்பித்தான்.

"அக்கா மேல தப்பில்லப்பா. என் வேலைதான் தப்பு," என்றார் ஒருநூல். முப்பது வருஷத்தில் அந்த வாயிலிருந்து வராத வாக்கியம். "கறுப்புதான் வேணும்னு சொன்னாங்க. நான் கேக்காம இதை வெச்சுட்டேன். எனக்கே எது எங்க இருக்குன்னு தெரியல." நிரூபிக்கிற மாதிரி அவரும் கதவைத் தடவி, இரண்டு தப்பான டிராயரை இழுத்துக் காட்டினார்.

மருமகன் கதவுகளையும் மாமாவையும் ஏற இறங்கப் பார்த்தான். "இத்தனை வருஷமா இதே வேலைதானே மாமா? கண்ணைப் பிடரியிலயா வெச்சிருந்தீங்க?"

சின்ன வயதில் மாமாவிடமே அவன் கற்றுக்கொண்ட வாக்கியம் அது. அவர் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார்.

அவன் வெளியே போனதும், டாக்டரிடம் போகலாம் என்று அக்காவைக் கூப்பிட்டார். எப்போதோ போயாயிற்று, இதற்குமேல் மங்காமல் மருந்து விடுகிறேன், வெள்ளைமேல் கறுப்பு இருந்தால் நன்றாகத் தெரிகிறது என்றாள். தன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். "சொல்லியிருந்தா முதல்ல சிரிச்சிருப்பே. அப்புறம் அவனுக்கு போன் போட்டிருப்பே," என்றாள் அவள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அன்றைக்கே குமிழ்களைக் கழற்றினார். நீளப் பிடிக்கு இரண்டு துளை வேண்டும், பழைய துளை நடுவில் பல்லிளித்தது. பதினொன்றையும் தன் கையாலேயே பட்டி வைத்து அடைத்தார். எவ்வளவு தேய்த்தும் வெளிச்சத்தில் மஞ்சள் பொட்டாகத் தெரிந்தது. மறுநாள் அக்கா ஒரே இழுப்பில் சர்க்கரையை எடுத்து டீ போட்டாள். மகன் இரண்டு டம்ளர் குடித்துவிட்டு, பின்னறையைப் பற்றிப் பேசாமல் ஊருக்குப் போனான்.

திங்கட்கிழமை ஒருநூல் மீசையை எடுத்துவிட்டார். கடைக்காரர் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தார். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது. அவர் நேராக அக்கா வீட்டுக்குப் போய், சமையலறையில் அவளுக்கு எதிரே, இரண்டடியில் நின்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே டீயை நீட்டினாள். மீசை எங்கே என்று கேட்கவில்லை. கறுப்புப் போய் நரைத்த மீசை அந்த மங்கிய கண்ணுக்கு எப்போதோ தெரியாமல் போயிருந்தது.