லப்பைக்குடிக்காட்டுக்கு முந்நூற்று அறுபது கேப்சூல்கள்

இந்த வலைப்பூவைப் படிப்பவர்களில் பாதிப் பேர் என்னைப் போலவே தினமும் கேப்சூல் விழுங்குகிறவர்கள் என்று பின்னூட்டங்களில் தெரிகிறது. "மருந்தை வைத்துக்கொண்டு வெளியூர் போகலாமா சார்?" என்பதுதான் அடிக்கடி வரும் கேள்வி. தாராளமாகப் போகலாம். மெதுவாக வளரும் ரத்தப் புற்றுநோய் எனக்கு வந்து நான்கு வருஷம் ஆகிறது. அன்று முதல் காலை எட்டு மணிக்கு நூறு மில்லிகிராம் கேப்சூல் நான்கு. அதோடு இருபத்திரண்டு ஊர் சுற்றிவிட்டேன். லிஃப்ட் பழுது பார்ப்பது என் தொழில். எதையும் இரண்டு தடவை சோதிக்காமல் கதவை மூட மாட்டேன். மருந்து விஷயத்திலும் அப்படித்தான்.

இது 2007 பிப்ரவரியில் போய் வந்த பயணம். சென்னையில் பரிசோதனைக்குக் காத்திருக்கும் வரிசையில் எனக்குப் பழக்கமானவர் சிராஜுதீன். வயது முப்பத்து நான்கு, சொந்த ஊர் வெள்ளாற்றங்கரையில் இருக்கும் லப்பைக்குடிக்காடு, வேலை ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். எங்கள் இருவருக்கும் ஒரே நோய், ஒரே டாக்டர், ஒரே மருந்து, ஒரே அளவு. இருபத்தைந்து நாள் விடுப்பில் வந்தவருக்கு மூன்று மாத மருந்து வேண்டும். கடையில் அன்று இருப்பு இல்லை. வந்ததும் வாங்கி நானே கொண்டுவந்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். கூரியர் வண்டி வெயிலில் நிற்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் இருந்தது. சிராஜின் போன இரண்டு ரத்தப் பரிசோதனையும் சரியில்லை. அடுத்ததும் இப்படியே வந்தால் மருந்து கேட்கவில்லை என்றுதான் நினைக்க வேண்டியிருக்கும், வேறு வழி யோசிக்கணும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் வரிசையில் அந்த வார்த்தையைக் கேட்டால் யாருக்கும் அன்று சோறு இறங்காது.

சனிக்கிழமை எழும்பூரில் பகல் 12.25 ரயில், அரியலூருக்கு 87 ரூபாய், மாலை நாலேகாலுக்குப் போய்ச் சேர்ந்தது. சென்னையிலிருந்து பஸ்ஸில் தொழுதூர் போய், திட்டக்குடி வழியாக ஆற்றைத் தாண்டுவதுதான் நேர்வழி. ஆனால் ரயிலில் கழிப்பறை உண்டு. இந்த மருந்தைச் சாப்பிடுகிறவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சாப்பிடாதவர்களுக்குச் சொன்னாலும் புரியாது.

அரியலூர் ஒரு வருஷம் மாவட்டமாக இருந்துவிட்டு மறுபடி பெரம்பலூரோடு சேர்க்கப்பட்ட ஊர். ஆட்டோக்காரரிடம் அதைப் பற்றி வாயைத் திறந்தால் லாட்ஜ் வரும் வரை நிறுத்த மாட்டார். லாட்ஜ் வாடகை 160 ரூபாய். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும் சாலையைப் பார்த்த அறை என்பதால் ஜன்னலைத் திறக்காமலே படுத்தேன்.

ஞாயிறு காலை 6.15க்குப் பெரம்பலூர் பஸ். முப்பது கிலோமீட்டர், ஒன்பது ரூபாய், ஐம்பது நிமிஷம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஹோட்டலில் உட்கார்ந்து எட்டு மணி ஆகும்வரை செய்தித்தாள் படித்தேன். இரண்டு இட்லி, ஒரு பொங்கல், பதினான்கு ரூபாய். பாதி சாப்பிட்டதும் நான்கு கேப்சூலையும் ஒவ்வொன்றாக விழுங்கி, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் குடித்து, மீதியைச் சாப்பிட்டேன். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கினால் நெஞ்சு எரியும். பரிமாறியவர் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, "சார், டிஃபனே அதுதானா" என்றார். இட்லி அதற்குத் தொட்டுக்கொள்ள என்றேன்.

8.25க்கு லப்பைக்குடிக்காடு பஸ். முப்பத்தைந்து கிலோமீட்டர் என்று கண்டக்டர் சொன்னார், டிக்கெட் பத்தரை ரூபாய். பருத்தி எடுத்து, சோளம் அறுத்து முடிந்த கருப்பு மண் வழியெல்லாம். பிறகு திடீரென்று பச்சையும் ரோஸுமாகப் பெயின்ட் அடித்த மாடி வீடுகள் வந்தால் இறங்க வேண்டும். வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருக்கும் ஊர். மணி 9.40.

அன்று மாலை நான்கு மணிக்கு சிராஜ் திருச்சி விமான நிலையத்துக்கு வேன் ஏறவேண்டும். கூடத்தில் அட்டைப்பெட்டிகள், கயிறு, எடை பார்க்கும் தராசு. அக்கம்பக்கத்தார் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுத்தனுப்பிய ஊறுகாய், மாசிக் கருவாட்டுத்தூள், லுங்கி. நான் கொண்டுபோன முப்பத்தாறு அட்டைகளையும் சிராஜின் மனைவி மைமூனிடம் கொடுத்துவிட்டுக் கைகால் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அந்தப் பெண் அட்டையிலிருந்து கேப்சூல்களைப் பிதுக்கி எடுத்து, வைட்டமின் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த பெரிய பாட்டிலுக்குள் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு அட்டை காலியாகிவிட்டது.

அடுத்தவர் வீடு என்பதையே மறந்து சத்தம் போட்டேன். மைமூன் பயந்துபோய்க் கையை எடுத்துவிட்டார். சிராஜ் என்னை மாடிக்கு அழைத்துப் போனார். ஷார்ஜா அறையில் எட்டுப் பேர், அதில் மூன்று பேர் இதே ஊர்க்காரர்கள். அட்டையில் மருந்தின் பெயர் இருக்கிறது, யாராவது ஒருவன் மருந்துக்கடையில் கேட்டால் போதும், செய்தி கம்பெனிக்கும் போகும், ஊருக்கும் வரும் என்றார். அவருடைய அம்மாவுக்கே தெரியாதாம். இரண்டு வருஷமாக, அவர் ஊருக்கு வராத தடவைகளில் வந்துபோகிறவர்கள் கையில்கூட, இந்தப் பாட்டிலில்தான் போகிறது.

அப்படியானால் ஒரு வேளைகூட விடாமல் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். டாக்டரிடம் ஆமாம் என்றவர் என்னிடம் தலையைக் குனிந்துகொண்டார். ஆறேழு மாதமாக, ஒவ்வொரு மூன்று மாதமும் கடைசியில் மருந்து குறைகிறது. இன்னும் இருபது நாளுக்கு மேல் இருக்கும்போதே பாட்டிலின் அடி தெரிகிறது. அப்போது நான்கை மூன்றாக்கி, மூன்றை இரண்டாக்கி, சில நாள் ஒன்றுமே இல்லாமல் ஓட்டுகிறார். மைமூன்தான் தப்பாக எண்ணுகிறாள் என்று போனிலேயே சண்டை போட்டிருக்கிறார்.

"நான் மூணு தரம் எண்ணித்தாண்ணே போடறேன்" என்று மாடிப்படியிலிருந்து குரல் வந்தது. மைமூன் டீ கொண்டுவந்தவர் பாதியில் நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது. சிராஜ் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்கு ஆறவில்லை. ரிப்போர்ட் ஏன் சரியில்லை என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. மருந்து வேலை செய்யாமல் இல்லை, முழுசாக உள்ளே போகவில்லை. ஆனால் கேப்சூல் எங்கே போகிறது என்று மட்டும் பிடிபடவில்லை.

மதியம் ஒரு மணிக்கு நெய்ச்சோறும் கறியும். சாப்பிட உட்கார்ந்தபோது சிராஜின் ஷார்ஜா அறைத்தோழர் ஜாபர் வந்தார். ஷார்ஜாவில் டிரைவர், இரண்டு தெரு தள்ளி வீடு, சிராஜோடு சேர்ந்தே விடுப்பில் வந்து அன்று ஒன்றாகவே திரும்புகிறவர். அவர் முகத்தைப் பார்த்ததும் என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. கண்ணுக்கு மேலும் கீழும் நீர் கோத்து ஊதியிருந்தது. அந்த வீக்கத்தை நான் நான்கு வருஷமாகக் காலையில் கண்ணாடியில் பார்க்கிறேன். எங்கள் வரிசையில் முக்கால்வாசிப் பேருக்கு அதே கண்தான்.

மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். ஆறு மாதமாகவே இப்படி, காலில் சதை பிடித்து இழுக்கிறது, காலையில் குமட்டல். கிட்னி போய்விட்டது என்று வீட்டில் அழுகை. பெரம்பலூரில் பரிசோதித்தால் கிட்னியில் ஒன்றுமில்லை என்கிறார்கள். ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்றேன்.

"மருந்தா? தலைவலி மாத்திரகூடப் போட மாட்டேங்க. ரூம்ல சிராஜு வைட்டமின் இருக்கும், காலையில டீயோட ஒண்ணு. வேலை சாஸ்தியான நாள்ல ரெண்டு. ரூம்ல எல்லாம் பொதுதானே. லீவுக்குக்கூடக் கொஞ்சம் மடிச்சி எடுத்தாந்தேன்." சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஏழோ எட்டோ கேப்சூல். அந்த நிறம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும்.

நான் சிராஜைப் பார்த்தேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், அந்த நிமிஷம் ஒரு பொய் என் நாக்கு நுனி வரை வந்தது. இந்த வைட்டமின் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, நிறுத்திவிடுங்கள் என்றால் ஜாபர் நிறுத்தியிருப்பார், சிராஜின் ரகசியமும் தப்பியிருக்கும். ஆனால் அந்தப் பாட்டில் மறுபடி அதே அலமாரிக்குப் போகும், மீதி ஆறு பேரில் ஒருவர் எடுப்பார். சொல்லவேண்டியது நான் இல்லை என்பதால் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அது சுலபமான காரியம் இல்லை என்பது என் மனைவிக்குத் தெரியும்.

சிராஜ் கை கழுவினார். வந்து ஜாபர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அது வைட்டமின் இல்லடா. எனக்கு ரத்தத்துல கேன்சர். ரெண்டு வருஷமாச்சு. அதுக்கான மருந்துடா அது."

ஜாபர் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டார். தனக்கும் கேன்சர் வருமா என்று முதலில் என்னிடம் கேட்டார். அப்படி வராது, ஆனால் தேவையில்லாத உடம்புக்குள் போன மருந்து, அதனால் ரத்த அணுக்கள் குறைந்திருக்கலாம், இன்றே நிறுத்திவிட்டு, காலியான அட்டை ஒன்றைக் கையோடு கொண்டுபோய் டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். பிறகு அவர் சிராஜ் பக்கம் திரும்பினார்.

"அஞ்சு வருஷமா ஒரே சஹன் தட்டுல சாப்பிடறோம். கேன்சர் மருந்துன்னு எழுதியிருந்தா ஒருத்தன் தொட்டிருப்பானாடா? ஒளிச்சி வச்சதாலதான நான் எடுத்துத் தின்னேன்."

சிராஜ் எழுந்தார். உள்ளே போய் மைமூனிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண் அழுதது மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு நேரம் பறந்தது. ஜாபர் ட்ராவல்ஸுக்குப் போன் போட்டு, ரத்தப் பரிசோதனை முடியட்டும் என்று டிக்கெட்டை இரண்டு வாரம் தள்ளிவைத்தார். பிரிக்காத முப்பத்து நான்கு அட்டையும் கடைப் பெட்டியிலேயே திரும்பிப் போயின. பிதுக்கிய இருபதையும் சுத்தமான உலர்ந்த கவரில் போட்டு, சிராஜ் பெயர், மருந்தின் பெயர், அளவு எழுதி ஒட்டினோம். முதல் ஐந்து நாளைக்கு அது. ஜாபரின் பொட்டலத்தில் வியர்வை ஈரம் பட்டுக் கிடந்தவற்றைச் சாப்பிடக் கூடாது, சாக்கடையிலும் கொட்டக் கூடாது. வாங்கிய கடையிலேயே ஒப்படைக்க நான் எடுத்துக்கொண்டேன். வைட்டமின் பாட்டிலை மைமூன் தன் கையாலேயே நசுக்கினார். மருந்தும் டாக்டர் சீட்டும் கடிதமும் கைப்பையில் போயின. பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் சீட்டில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று எழுத்து எழுத்தாகப் பார்த்தேன்.

நான்கு மணிக்கு வேன். துஆ ஓதி முடித்ததும் ஜாபர் ஜன்னலுக்குள் தலையை நீட்டி, "நான் வர்றதுக்குள்ள ரூம்ல நீயே சொல்லிடு. நீ சொல்லலைன்னா வந்து நான் சொல்லுவேன்" என்றார். மிரட்டலா அன்பா என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதே வேனில் பெரம்பலூர் வரை போனேன். ஒரு மணி நேரமும் சிராஜ் கைப்பையை மடியில் வைத்தபடியே வந்தார். அங்கிருந்து எனக்குச் சென்னை பஸ், 270 கிலோமீட்டர், 96 ரூபாய், ஆறரை மணி நேரம்.

இனி மருந்தோடு கிளம்புகிறவர்களுக்கு. மருந்தை வந்த அட்டையிலேயே, வந்த பெட்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கைப்பையில் வையுங்கள். தங்கும் நாளைவிட ஒரு வாரம் கூடுதலாக இருக்கட்டும். நேரம் தவறினால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போடாதீர்கள். வாந்தி எடுத்துவிட்டால் அவசரப்பட்டு இன்னொரு தடவை விழுங்காமல் டாக்டரைக் கேளுங்கள். காய்ச்சல் மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எதுவானாலும் முதலில் கேட்டுவிட்டுத்தான். பம்பளிமாஸ் பழம் எவ்வளவு ஆசையாக யார் உரித்துக் கொடுத்தாலும் வேண்டாம், மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். கேப்சூலைப் பிரிக்காதீர்கள், கர்ப்பிணிகள் கையில் பட வேண்டாம். குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் மருந்தை நீங்களாக நிறுத்தாமல் டாக்டரிடம் பேசுங்கள். குறைந்துபோனால் அளவைக் குறைத்துச் சமாளிக்காமல், குறைகிறது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கம்பெனிக்குச் சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். கூடத் தங்குகிறவர்களில் ஒருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

ஜாபரின் ரத்தம் பத்து நாளில் சரியாக இருந்தது. முகமும் பழையபடி ஆனது என்று மைமூன் சொன்னார். சிராஜ் அறையில் சொன்னாரா என்று நான் போன் செய்து கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது என்பதுதான் நிஜம்.

மே மாதம் ஒரு காலை, நான் பாதி இட்லியில் இருக்கும்போது ஷார்ஜாவிலிருந்து போன் வந்தது. பேசியது ஜாபர். சிராஜின் புது ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைச் சென்னை டாக்டருக்கு அனுப்பி, அவரும் பார்த்துவிட்டாராம். சிராஜ் எங்கே என்று கேட்டேன்.

"இங்கதாண்ணே இருக்கான். அழுவுறான், பேச்சு வரல. ரூமே இவனச் சுத்தி உக்காந்திருக்கு. டாக்டர் சொல்லிட்டாருண்ணே, அதே மருந்து போதுமாம்."