பேட்டரி கழுவிய மண்

எனக்குக் கல்யாணமாகி ஆரணிக்கு வந்தபோது எங்கள் தெருவில் எல்லார் வீட்டிலும் தறி இருந்தது. எங்கள் வீட்டில் மட்டும் பேட்டரி. என் கணவர் லாரி பேட்டரி ரிப்பேர் செய்கிறவர். களம்பூர் அரிசி மில்லுக்கு ஓடுகிற லாரிகளில் பேட்டரி செத்துப்போனால் அவரிடம்தான் வரும். வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில் உட்கார்ந்து மூடியைப் பிரிப்பார். ஆசிட்டைக் கொட்டிவிட்டு, உள்ளே இருக்கிற ஈயத் தகடுகளை உருவிக் கழுவுவார், ஈயத்தை உருக்கிப் பற்றவைப்பார். அடியில் தங்கிய சாம்பல் நிறச் சேறு அப்படியே தரையில் போகும். அதைப் பற்றி யாரும் ஒன்றும் நினைத்ததில்லை. நானும்தான்.

மகள் தவழ ஆரம்பித்ததும் ஆசிட்டுக்குப் பயந்து போளூர் ரோட்டில் ஒரு கடை பிடித்தார். வேலை அங்கே போனது, பின்பக்கம் காலியானது. நான் தேவிகாபுரத்தில் விவசாயம் செய்கிற வீட்டில் பிறந்தவள். வெறும் மண்ணைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. முதலில் அங்கே புல்கூட முளைக்கவில்லை. ஆசிட் ஊறிய மண் என்று சுண்ணாம்புத் தூள் தூவிக் கொத்தினேன். கூடை கூடையாகச் சாணி எரு கொண்டுவந்து போட்டேன். நாலு மழை பெய்தபின் முளைக்கீரை வந்தது. அப்புறம் முள்ளங்கி, பொன்னாங்கண்ணி. கெட்டுப்போன மண்ணை நானே தேற்றிவிட்டேன் என்று எனக்கு ஏகப்பட்ட பெருமை.

அவருக்கு அப்போதே வயிற்றுவலி உண்டு. சுருட்டிப் பிடித்து இழுக்கும். முழங்காலை மடக்கிக்கொண்டு படுத்துவிடுவார். ஊர் டாக்டர் அல்சர் என்று மாத்திரை கொடுத்தார். வயிற்றுப் புண்ணுக்கு மணத்தக்காளிக் கீரைதான் மருந்து என்று எங்கள் அம்மா விதை கொடுத்து அனுப்பினாள். பின்பக்கச் சுவரோரம் ஒரு வரிசை முழுக்க அதையே போட்டேன். தகடு கழுவின இடம் அதுதான். செடி கரும்பச்சையாக, ஒரு பூச்சிகூட இல்லாமல் வந்தது. பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் விட்டு வாரத்தில் நாலு நாளாவது வைத்துவிடுவேன்.

"இன்னும் ஒரு கரண்டி போட்டுக்கங்க."

"ஆட்டுக்குப் போடற மாதிரி போடறியே" என்று சொல்லிக்கொண்டே தட்டை நீட்டுவார். மகள் மட்டும் கீரை என்றால் வாயைத் திறக்கமாட்டாள். அவளைத் திட்டாத நாளில்லை.

மிஞ்சியதைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுப்பேன். அவர்கள் வீட்டில் இரண்டு தறி. அக்காவின் பெண் வேலூரில் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தாள். அது இரண்டாயிரமாம் வருஷத்துக்குப் பிறகு. ஒருநாள் அவள் வந்து, "அத்தை, ப்ராஜெக்ட்டுக்கு உங்க கீரை கொஞ்சம் வேணும். வேரோட. கொஞ்சம் மண்ணும்" என்றாள். கண்காட்சிக்கு அனுப்புகிற மாதிரி நல்ல செடியாகப் பார்த்துப் பிடுங்கிக் கொடுத்தேன்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் நேராக அடுப்படிக்கு வந்து உட்கார்ந்தாள். கொடுத்த காப்பியைக் குடிக்கவில்லை.

"அத்தை, உங்க கீரையில ஈயம் இருக்குது. இருக்கலாம்னு வெச்சிருக்கற அளவைத் தாண்டி இருக்குது. மண்ணுல அதைவிட எவ்ளோவோ அதிகம்."

"நல்லா கழுவித்தானடி ஆயறேன்?"

"மேல ஒட்டிகினு இருக்கற மண்ணுன்னா கழுவினா போயிடும். வேரு இழுத்து உள்ள வெச்சிகினது போவாது. கீரையும் முள்ளங்கியும்தான் அதிகமா இழுத்துக்கும்."

"சுண்ணாம்பு போட்டேனே, எரு போட்டேனே."

"அது ஆசிட்ட அடக்கும் அத்தை. ஈயம் எங்கியும் போவாது." கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "மாமாவுக்கு வயித்துவலி இன்னும் இருக்குதா? ஈயம் உடம்புல சேந்தா வயிறு இப்படித்தான் இழுக்கும்னு படிச்சேன். வேலூர்ல பெரிய ஆஸ்பத்திரியில காட்டுங்க. பேட்டரி வேலை பண்றார்னு மறக்காம சொல்லுங்க."

அடுப்பில் அப்போதும் மணத்தக்காளிதான் வெந்துகொண்டிருந்தது. அதை இறக்கிவைத்துவிட்டு முதலில் அக்காவிடம் ஓடினேன். எத்தனை தடவை அவர்களுக்கும் கொடுத்திருக்கிறேன். அக்கா தறியிலிருந்து எழுந்து வந்தாள். எனக்கு அழுகைதான் வந்தது.

"எம் பொண்ணு சொல்லிட்டா. நீ தெரிஞ்சா குடுத்த? முதல்ல கண்ணைத் தொடச்சிக்க" என்றாள். "எல்லாரும் சேந்து ஒண்ணாவே வேலூர் போவலாம்."

மத்தியானம் சாப்பிட வந்த கணவரிடம் சொன்னேன். அவர் பின்பக்கம் போய் வாசற்படியில் உட்கார்ந்து அந்தப் பச்சை வரிசையையே பார்த்தார். நானும் போய் உட்கார்ந்தேன்.

"நான்தான கழுவி ஊத்தனேன்" என்றார். "கொழந்தை துன்ற கீரை மொளைக்கற மண்ணுல."

"மருந்துன்னு ஊட்டினது நான்தான."

அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். எதிர் மாடியில் சாயம் போட்ட நூலைக் காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் பார்க்கும்படி, பட்டப்பகலில் நாங்கள் அப்படி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

வேலூரில் டாக்டரம்மா முதல் கேள்வியே, "என்ன வேலை செய்யறீங்க?" என்றுதான் கேட்டார். இத்தனை வருஷத்தில் வேறு யாரும் அதைக் கேட்டதில்லை. எல்லாருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அக்கா வீட்டில் பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. எனக்குக் கொஞ்சம் அதிகம். அவருக்கு மிக அதிகம். கீரையால் மட்டும் வந்ததல்ல, ஈயம் உருக்குகிற புகையும், தகட்டைத் தொட்ட கையோடு சாப்பிட்டதும்தான் பெரிய காரணம், அதன்மேல் கீரையும் தினம் கொஞ்சம் சேர்த்திருக்கிறது என்றார் டாக்டரம்மா. மகளுக்குத்தான் எங்கள் மூவரில் குறைவு. டாக்டரம்மா ஆச்சரியமாக அவளைப் பார்த்தார்.

"எனக்குக் கீரை புடிக்காது. அம்மா பாக்காதப்ப பூனைக்கு வெச்சிடுவேன்" என்றாள் அவள்.

டாக்டரம்மா சிரித்தார். என் கணவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். நான் அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன். திட்டின திட்டெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து மருந்து கொடுத்தார்கள். பேட்டரியைப் பிரிக்கிற வேலையை அதோடு விட்டார். கம்பெனியில் மூடி வருகிற பேட்டரியை விற்பது, சார்ஜ் போடுவது, அவ்வளவுதான். பழையதை அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்.

பின்பக்க மண்ணை வாரிக் கொட்டிவிடலாம் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க கொட்டினாலும் அங்க ஒருத்தர் வெத போடுவாங்க" என்றார். செடிகளைப் பிடுங்கிக் குழி தோண்டி அங்கேயே புதைத்து, இடம் முழுக்க கனமாக சிமெண்ட் போட்டு மூடினோம். கொத்தனாரோடு அவரும் நின்று கரண்டி பிடித்தார்.

என்னால் செடி இல்லாமல் இருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். என் அண்ணனுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் அம்மாவைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அண்ணன் எங்கள் வயல் மண்ணை நாலு சாக்கில் கட்டிப் பஸ்ஸில் ஏற்றினான்.

"இன்னாமா, நெல்லா?" என்றார் கண்டக்டர்.

"மண்ணுங்க."

"மண்ணா? ஆரணியில மண்ணே இல்லியா?"

"எங்க வீட்ல இல்லீங்க" என்றேன். அவருக்கு விளங்கவில்லை. இருந்தாலும் ஓரமாக இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

சிமெண்ட் தொட்டிகளில் அந்த மண்ணைப் போட்டு வெண்டையும் தக்காளியும் வைத்தோம். அவருக்கு நடத் தெரியாது. நாற்றைக் கழுத்துவரை புதைப்பார், நான் மறுபடி எடுத்து நடுவேன்.

அவருக்கு வலி குறைந்தது, அடியோடு போகவில்லை. எலும்பில் தங்கியது மெல்லத்தான் இறங்கும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதனால் வருஷத்துக்கொரு தடவை வேலூர் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவோம். திரும்புகிற பஸ்ஸில் அவர் ஜன்னலோரத்தை எனக்கு விட்டுவிட்டு என் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவார். ஆரணி வந்ததும் எழுப்புவேன்.