அப்பா அழைக்கப் போன வண்டி

நாடு நாடாகச் சுற்றி எழுதுவதுதான் என் பிழைப்பு. பாஷை தெரியாத ஊரிலும் வழி கண்டுபிடித்துவிடுவேன் என்று பீற்றிக்கொண்டு திரிகிறவள். அன்றைக்கு ஜார்ஜியாவில், மலைமேல் ஒரு சின்னக் கிராமத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். பனி கொட்டி, கீழே இறங்கும் ஒரே சாலையை மூடிவிட்டார்கள். எப்போது திறப்பார்கள் என்று கேட்டால், தங்கியிருந்த வீட்டுக்கார அம்மாள் வானத்தைக் காட்டி உதட்டைப் பிதுக்குவாள். அப்புறம் இன்னொரு ரொட்டியைத் தட்டில் போடுவாள். அந்த ஊர் விருந்தோம்பலைப் பற்றி எழுதத்தான் போயிருந்தேன்; வயிறு வெடிக்காத குறை.

சாயங்காலம் திலக் நகர் வீட்டிலிருந்து அம்மா கூப்பிட்டாள். அந்த வீட்டில் சமையலறை ஜன்னலோரம் மட்டும்தான் சிக்னல்.

"அப்பாவைக் காணலைடி."

மாடியில் அவள் துணி எடுக்கப் போன நேரம். திரும்பி வந்து பார்த்தால் கதவு திறந்து கிடக்கிறது, செருப்பு இல்லை. போன் மேசைமேலேயே இருக்கிறது.

அப்பா டிராம்பேயில் ஒரு ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கொஞ்ச காலமாக எல்லாம் மறந்துகொண்டு வருகிறது. எதிரில் நின்றால் என்னையே சில நாள் தெரியாது. ஆனால், "குழந்தை எப்போ வரா?" என்று கேட்பது மட்டும் நிற்கவில்லை. அம்மா தினமும் "நாளைக்கு" என்பாள். அன்றைக்கு என்ன அலுப்போ, "இன்னிக்கு வந்துடுவா, பேசாம இருங்கோ" என்று சொல்லியிருக்கிறாள்.

எனக்கு வந்ததே கோபம்! "எதுக்கும்மா அவர்கிட்டப் பொய் சொல்றே? பாவம், நிஜம்னு நம்பிடுவாரே!"

"நீ ஒரு நாள் கூட இருந்து பாருடி. மூச்சு விடறதுக்குள்ளே மறுபடி கேக்கறார். என்ன சொல்லச் சொல்றே? எங்கேயோ பனியிலே உக்காந்துண்டிருக்கான்னா?"

அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். அவள் அழுதால் எனக்குக் கை கால் ஓடாது. அன்றைக்கு ஓடியிருந்தாலும் எங்கே போவது?

கீழ்வீட்டு மளிகைக்கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டு ஸ்கூட்டரில் தேடக் கிளம்பியிருந்தார். தாராவியில் பிறந்து வளர்ந்த திருநெல்வேலிக்காரர். அப்பாவுக்கு அவர் ஓய், அவருக்கு அப்பா சார். பழைய ஞாபகத்தில் ஆபீசுக்குப் போயிருப்பாரோ என்று முதலில் டிராம்பே பஸ் நிற்கும் இடங்களைப் பார்த்தார். இல்லை. அப்போது எனக்கு மூளை வேலை செய்தது. அப்படித்தான் நினைத்தேன்.

"அண்ணே, ஏர்போர்ட்டுக்குப் போங்க! நான் ஃப்ளைட்லதானே வருவேன், அங்கேதான் போயிருப்பார்."

அந்த டிராஃபிக்கில் அவர் போய்ச் சேருவதற்குள் அங்கே இருட்டிவிட்டது. நான் ஜன்னலில் படியும் ஆவியைத் துடைத்துக்கொண்டே நின்றேன். அப்பா தண்டவாளத்தைத் தாண்டுவது கண்ணுக்குள் வந்து வந்து போயிற்று. கடவுளே, கடவுளே என்பதைத் தவிர வேறொன்றும் செய்ய முடியவில்லை. வீட்டுக்கார அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள். எந்த பாஷையில் சொல்வது? அவள் என் தோளில் ஒரு சால்வையைப் போட்டாள்.

"தங்கச்சி, இங்கன இல்ல," என்றார் கடைக்காரர் போனில். "வாசல் வாசலாப் பாத்துட்டேன். டென்ஷன் எடுக்காத, போலீஸ்ல சொல்லிருவோம்."

அம்மா மறுபடி கூப்பிட்டாள். குரல் வேறு மாதிரி இருந்தது. "ஃப்ளாஸ்க்கைக் காணலைடி."

அவ்வளவுதான், எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் சொந்த ஊரான பாலக்காட்டிலிருந்து யார் ரயிலேறினாலும் தாதர் ஸ்டேஷனுக்குப் போய் அழைத்து வருவது எங்கள் வீட்டு வழக்கம். வேலை தேடி வருகிறவர்கள், பெண் பார்க்க வருகிறவர்கள், யாரோ பக்கத்து வீட்டுக்காரரின் மச்சினன், எல்லோருக்கும் அப்பா பிளாட்பாரத்தில் நிற்பார், கையில் ஃப்ளாஸ்க்கோடு. "ரயில் காபி குடிச்சு நாக்கு செத்துப் போயிருக்கும், பாவம்" என்பார். எனக்காக ஒரு தடவைகூட நின்றதில்லை. ஏர்போர்ட்டுக்கெல்லாம் வராதீங்கோப்பா, வண்டி பிடித்து வந்துவிடுகிறேன் என்பேன். அவரைப் பொறுத்தவரை வருகிறவர்கள் தாதரில்தான் வந்து இறங்குவார்கள். இது தெரியாமல், மனுஷனை ஏர்போர்ட்டுக்கு விரட்டியிருக்கிறேன்!

கடைக்காரரைத் தாதருக்குத் திருப்பினேன்; அங்கேதான் இருந்தார். கடைக்காரர் மூச்சு வாங்க வீடியோ காலில் வந்தார். "பிளாட்பாரத்துல நிக்காவ. ஒரு கொறையும் இல்ல. சார், இங்கப் பாருங்க, உங்க பொண்ணு பேசுதா."

அப்பா திரையைப் பார்த்தார். நான் கம்பளிக் குல்லாயைக் கழற்றினேன். "அப்பா, நான்தான்."

கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். பிறகு, முன்பின் தெரியாத பெண்ணிடம் பேசுகிற மரியாதையோடு சொன்னார்: "என் பொண்ணு வரா. வண்டி லேட்டு போலருக்கு, அதான் நிக்கறேன்."

கடைக்காரர் கையைப் பிடித்தார். "வாங்க சார், வீட்டுக்குப் போவோம்." அப்பா உதறிவிட்டார். "என்ன ஓய் நீர்? குழந்தை வந்து எறங்கி, யாரும் இல்லேன்னு முழிக்கணுமா?"

"நீயே ஏதாவது சொல்லும்மா," என்றார் கடைக்காரர் என்னிடம். "இல்லைன்னா நகர மாட்டாவ."

சாயங்காலம் அம்மாவிடம் கத்தின அதே வாய்.

"அந்த வண்டி இன்னிக்கு இல்லை, மாமா," என்றேன். "உங்க பொண்ணு நாளைக்கு வந்துடுவா."

அப்பா தண்டவாளத்தைப் பார்த்தார். ஃப்ளாஸ்க் மூடியை இறுக்கினார். ஒரு அடி வைத்தவர், ஏதோ மறந்துபோன மாதிரி திரும்பி என்னைப் பார்த்தார்.

"உன்னை அழைக்க யாராவது வருவாளோ?"

நான் ஜன்னலில் மறுபடி படிந்த ஆவியைத் துடைத்தேன்.

"யாரும் இல்லேன்னா சொல்லும்மா. நாளைக்கு நான் எப்படியும் வருவேன். காபி ரெண்டு பேருக்குப் போரும்."