அழியாத சாயத்தில் ஒரு பெயர்

பஸ்ஸுக்குப் போகும் வழியில், பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறைச் சுவர் என்னை நிறுத்துகிறது. ஜில்லா கால்பந்து லீக்கின் மூன்று டிவிஷன்களும் அதில் வரிசையாக இருக்கின்றன. எல்லாப் பெயர்களும் சாக்பீஸில். மூன்றாம் டிவிஷனில் உள்ள நெசவாளர் அணி மட்டும் அரக்குச் சாயத்தில்.

"வருஷா வருஷம் ரெண்டு டீம் மேல ஏறும்மா, ரெண்டு கீழ எறங்கும். இன்னிக்கு டிரா பண்ணாலே நாங்க ஏறிடுவோம்" என்கிறார் சாயக்காரர் ஏகாம்பரம்.

ஆட்டம் முடிந்து சைக்கிளில் வருபவர்கள் தூரத்திலிருந்தே கத்துகிறார்கள்: "ஒண்ணுக்கு ஒண்ணு!"

ஏகாம்பரம் பழைய பெயரைத் தேய்க்கிறார். பட்டுக்குப் போடும் சாயம், போகவில்லை. இரண்டாம் டிவிஷனின் அடியில் மறுபடியும் அதே சாயத்தில் எழுதுகிறார்.

"சாக்பீஸில் எழுதலாமே? அடுத்த வருஷம் இறங்கிவிட்டால்?" என்கிறேன்.

"எறங்கறதுக்காம்மா சாயத்துல எழுதிக்கினு இருக்கறேன்?"

முதல் டிவிஷனின் அடியில் ஒரு வரிக்கு இடம் விட்டிருப்பதை அப்போதுதான் கவனிக்கிறேன்.