இத்தாலியத் தெருவில் எனக்கொரு தனிப் பாத்திரம்

அந்த வருடம் என் சமையலறையே எனக்கு எதிரியாகிவிட்டது. எண்ணெயில் கடுகு வெடித்தாலே குமட்டும். முதல் கர்ப்பம் கலைந்துபோயிருந்தது, இது இரண்டாவது. மூன்று மாதம் தாண்டும்வரை யாரிடமும் மூச்சு விடுவதில்லை என்று நானும் கணவரும் முடிவு செய்திருந்தோம். ஊரிலிருந்த அம்மாவுக்குக்கூடத் தெரியாது. டாக்டரோ ஒவ்வொரு முறையும் என் எடையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். சாப்பிட்டது வயிற்றில் தங்க வேண்டும், இந்தக் குழந்தையாவது தங்க வேண்டும். எனக்கு வேறு பிரார்த்தனையே கிடையாது.

அமெரிக்காவில் வீடு வெஸ்ட் வின்ட்சரில், ஆபீஸ் ட்ரென்டனில். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்தால் கம்ப்யூட்டர்களெல்லாம் குழம்பிப்போகும் என்று உலகமே பயந்த காலம். அந்தப் பயம்தான் எங்களுக்குச் சோறு போட்டது. ஆபீஸிலிருந்து காரில் கொஞ்ச தூரம் போனால் இத்தாலியர்கள் குடியிருந்த தெருக்கள் வரும். மதியம் என் டப்பாவைத் திறக்கப் பயந்து அங்கே கடை கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடையில் சீஸ் வாசனை வாசலிலேயே திருப்பி அனுப்பியது. இன்னொன்றில் காய்கறி சூப்பில் இறைச்சியே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். தோண்டிக் கேட்டால் கோழி வேகவைத்த தண்ணீராம். கோழி அவர்கள் கணக்கில் காய்கறி போலிருக்கிறது. எங்கள் வீட்டில் முட்டைகூட வாசற்படி தாண்டியதில்லை. இறைச்சி வைத்த மேசையில் நான் உட்காரவே மாட்டேன். ஆபீஸ் பார்ட்டிகளில் ஜன்னலோரம் நின்று ஜூஸ் குடிக்கும் ஜாதி.

"பேசாம பீட்ஸா ஆர்டர் பண்ணி, சீஸை எடுத்துட்டு சாப்பிடேன்," என்றார் கணவர். வாந்தி எடுப்பவருக்கல்லவா தெரியும்.

கடைசியில் ஒரு மூலைக்கடை. நாலைந்து மேசை, அடுப்படியில் என் அம்மா வயதில் ஒரு இத்தாலியப் பெண்மணி. இறைச்சி, கோழி, மீன், முட்டை எதுவும் கூடாது என்று ஒப்பித்தேன். துப்பட்டாவால் மூக்கை மூடியிருந்த என் கையை அவர் பார்த்தார். பிறகு, இன்னும் எதுவுமே தெரியாத என் வயிற்றைப் பார்த்தார்.

"குழந்தைக்காக வேண்டுதலா?" என்று மெதுவாகக் கேட்டார்.

குட்டு உடைந்துவிட்டது. பிறவியிலேயே சைவம் என்று விளக்கத் தெம்பில்லாமல், ஆமாமும் இல்லை இல்லையும் இல்லை என்கிற நம் ஊர்ப் பாணியில் தலையை ஆட்டிவைத்தேன். அவர் அதை ஆமாம் என்றே எடுத்துக்கொண்டார்.

ஒரு சின்னப் பாத்திரத்தைக் கழுவி அடுப்பில் ஏற்றினார். நொய்யரிசி போலிருந்த பாஸ்தா பொட்டலத்தைக் காட்டி, முட்டை சேராதது என்று என்னையே படிக்க வைத்தார். வெறும் தண்ணீரில் குழைய வேகவைத்து, வெண்ணெய், உப்பு, துளி மிளகு. வாயில் போட்டால் குழைந்த சாதமேதான். சாயங்காலம் வரை அது வயிற்றில் இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் காருக்குள் உட்கார்ந்து அழுதேன்.

அதன்பின் தினமும் அங்கேதான். ஒரு நாள் வெள்ளை பீன்ஸும் கீரையும், ஒரு நாள் எலுமிச்சை பிழிந்த உருளைக்கிழங்கு. வேறு யாரும் தொடாதபடி என் பாத்திரத்தின் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டியிருந்தார். நான் ஆன்ட்டி என்று கூப்பிட, அவரும் அதற்குப் பழகிவிட்டார். பெரிய அண்டாவில் இறைச்சிக் குழம்பு கொதிக்கும். உப்பு பார்க்க மட்டும் பாத்திரம் தேய்ப்பவரைக் கூப்பிடுவார். ஏனென்று நான் கேட்டதில்லை. மூன்று மாதம் தாண்டியதும் அம்மாவுக்கு போன் செய்தேன். சாப்பாட்டுக்கு என்ன செய்கிறாய் என்று பதறினார். ஒரு ஆன்ட்டி பார்த்துக்கொள்கிறார் என்றதும், எந்த ஊர்க்காரர்கள் என்று விசாரித்தார்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். வெளியே தூக்கிப்போகலாம் என்றானதும் கோயிலுக்குப் போய்விட்டு நேரே அந்தக் கடைக்குப் போனோம். ஆன்ட்டி அவளை வாங்கி, பாதத்தை முகத்தில் ஒற்றிக்கொண்டார். என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனவர், சிவப்புக் குழம்பில் மிதக்கும் இறைச்சி உருண்டைகளோடு வந்து தட்டை மேசையில் வைத்தார்.

எனக்குத் திக்கென்றது. வேண்டுதல் முடிந்தது, இனிச் சாப்பிடு என்கிறார்! இனியும் மறைப்பது பாவம் என்று, அது வேண்டுதல் இல்லை, நாங்கள் எப்போதுமே இப்படித்தான் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அவர் திகைத்துப் பார்த்தார். பிறகு நெஞ்சில் கைவைத்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இது உனக்கில்லம்மா, எனக்கு," என்றார். "நீ தனியா விரதம் இருக்கியேன்னு நானும் கூட இருந்தேன். குழந்தையைக் கண்ணால பார்த்துட்டு சாப்பிடறேன்னு மாதாகிட்ட சொல்லியிருந்தேன்."

உப்பு பார்க்க ஆள் கூப்பிட்டது அப்போதுதான் புரிந்தது. மகளை மடியில் போட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்து அதே மேசையில் அவர் எதிரில் உட்கார்ந்தேன். கடைசி உருண்டைவரை அவர் சாப்பிட்டு முடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.